மூச்சுப் பயிற்சி கைத்தடியாகிப் போனது: ஒரு பேனிக் அட்டாக் நிகழ்வின் ஆய்வு

இதை எழுத சம்பந்தப்பட்டவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஆனால் எது முதலில் நடந்தது எது பிறகு நடந்தது என்ற வரிசையில் கை வைக்கவில்லை. நான் கொங்குப் பகுதியில் உளவியல் ஆலோசனை பார்க்கிறவன். முதல் நான்கு வாரம் நான் செய்தது தப்பு. அந்தத் தப்பு எப்படி நடந்தது என்பது இதே வேலையில் இருப்பவர்களுக்கும், யூட்யூப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருப்பவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

## பின்னணி

அவர் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வயது நாற்பதுக்குள். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். இந்த வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிற ஆள்தான் மெர்ச்சன்டைசர். துணியில் ஷேடு மாறினால் பையர் இவரைக் கேட்பார், டையிங்கில் லேட் ஆனால் முதலாளி இவரைக் கேட்பார், சரக்கு தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு ஆர்டரின் லாபத்தையே தின்றுவிடும், அதற்கும் இவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் அவர்கள் ஆபீஸ் முடிகிற நேரம் நமக்கு ராத்திரி ஒன்பது பத்து மணி. அதனால் போன் எப்போதும் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

முதல் தாக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி வந்தது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், ரோடு முழுக்க ஜனம். அன்றைக்கு ஒரு லேப் டிப், அதாவது பையர் ஒப்புதலுக்கு அனுப்பும் சாயத் துணி மாதிரி, மூன்றாவது தடவையாக ரிஜெக்ட் ஆகியிருந்தது, மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, டீ மட்டும் ஏழெட்டு போயிருந்தது. பைக்கில் வீட்டுக்குப் போகும்போது, ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்ற இடத்தில் நெஞ்சு திடீரென்று அடித்துக்கொண்டது. விரல் நுனி மரத்தது, மூச்சு உள்ளே போகாத மாதிரி இருந்தது, கை கால் நடுங்கியது. வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர் ஆட்டோ பிடித்து ஏற்றி விட்டிருக்கிறார். மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். டியூட்டி டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணுமில்ல, கேஸ்தான். வீட்டுக்குப் போங்க."

அந்த 'கேஸ்தான்' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று முறை ராத்திரியில் அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார். எக்கோ, டிஎம்டி (நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை), தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றிலும் குறை இல்லை. இதில் அவர்மீது தவறு சொல்ல மாட்டேன். நெஞ்சுவலி முதல் தடவை வரும்போது அது மனசா உடம்பா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ணக்கூடாது, போய்ப் பார்த்துவிட வேண்டும். ஒரு டாக்டர் படபடப்பு வந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லி அல்ப்ரசோலம் மாத்திரை எழுதித் தந்திருந்தார். மனைவி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டிருந்தார். கடைசியில் அவருடைய நண்பர் ஒருவர் என்னிடம் அனுப்பினார்.

## முதல் சந்திப்பில் கவனித்தவை

மனைவியோடுதான் வந்தார். உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் மாத்திரை அட்டை தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று தடவை கை தானாகக் கழுத்துக்குப் போய் நாடியைத் தொட்டது. கொரோனா சமயத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இப்போதும் பேக்கில் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை முறை மாட்டிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, மனைவிதான் சொன்னார்: "எண்ணவே முடியாதுங்க சார், மக அதை 'அப்பா பொம்மை'ங்கறா."

தனியாக பைக் ஓட்டுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. கம்பெனிக்குப் போக, பாலத்தைத் தவிர்த்து, வழியில் இரண்டு மருத்துவமனைகள் இருக்கிற ஒரு சுற்றுப்பாதையை வைத்திருந்தார். வாரத்துக்கு நான்கைந்து தாக்கு. தூக்கம் கெட்டிருந்தது. வீட்டில் கோபம், டையிங் யூனிட்காரரிடம் போனில் கத்தல், மகளிடம் எரிந்து விழுதல், அப்புறம் அதை நினைத்து அழுகை.

குடும்ப விவரம் கேட்கும் படிவத்தில் நான் எழுதியிருந்தது: 'அப்பா, மாரடைப்பு, 52 வயது.' எழுதினேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

## முதலில் எடுத்த முடிவு

பேனிக் அட்டாக் எப்படி வேலை செய்கிறது என்று பலகையில் வரைந்து காட்டினேன். பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்த விளக்கம்தான் இன்றும் கைக்கு வசதியானது. உடம்பில் சாதாரணமாக ஒரு மாற்றம் வருகிறது, படியேறினதாலோ டீ குடித்ததாலோ நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. மனசு அதை ஆபத்து என்று தப்பாகப் படிக்கிறது. பயம் வந்ததும் அட்ரினலின் சுரந்து நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. பார்த்தீர்களா, நான் நினைத்தது சரிதான் என்று மனசு சொல்கிறது. செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அப்புறம் தானாக இறங்கும்.

இவ்வளவும் சரியாகச் சொன்னேன். அதற்கடுத்து நான் கொடுத்த பயிற்சிகள்தான் பிரச்சனை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் மெதுவாக மூச்சு விடுவது, வெளிமூச்சை நீட்டுவது. கண்ணில் படுவது ஐந்து, தொடக்கூடியது நான்கு, காதில் விழுவது மூன்று என்று எண்ணி மனதைச் சுற்றுப்புறத்துக்குக் கொண்டுவருவது. தசைகளை இறுக்கித் தளர்த்தும் பழைய ஜேக்கப்சன் முறை. டீயைக் குறைக்கச் சொன்னேன். மாத்திரை விஷயத்தை நான் தொடவில்லை, அது என் வேலையும் இல்லை, ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன்.

ஏன் இவற்றைத் தேர்ந்தெடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தால், தவித்துக்கொண்டு வருகிறவருக்கு அன்றைக்கே கையில் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. முதல் இரண்டு வாரம் நன்றாகவும் இருந்தது. தாக்கு குறைந்தது, நானும் குஷியாகிவிட்டேன்.

## நான்காவது வாரம்: சறுக்கல்

நான்காவது வாரம் அவர் ஒரு சின்ன நோட்டோடு வந்தார். கணக்கு எழுதிப் பழகியவர், அதனால் பயிற்சிக்கும் கணக்கு வைத்திருந்தார். "வியாழக்கிழமை ஆறு தடவை மூச்சுப் பயிற்சி பண்ணுனனுங்க சார். ரெண்டு தடவை வேலை செஞ்சுது. நாலு தடவை செய்யலீங்க. நாலாவது தடவை செய்யாதப்போ இன்னும் பயமாயிருச்சு, மூச்சே காப்பாத்தலன்னா அப்புறம் என்ன இருக்குன்னு."

ஒரு மீட்டிங்கின் நடுவில் எழுந்து பாத்ரூமுக்குள் போய்ப் பதினைந்து நிமிடம் மூச்சை எண்ணியிருக்கிறார். வாரத் தாக்கு மறுபடியும் நான்கு.

அந்த வாரம் என் வேலையைப் பார்த்து ஆலோசனை சொல்லும் மூத்தவரிடம் இந்த நோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர் எதுக்காக மூச்சு விடுறார்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மனம் அமைதியாவதற்காக மூச்சு விடவில்லை, சாகாமல் இருப்பதற்காக விட்டுக்கொண்டிருந்தார். ஆக்சிமீட்டர், தண்ணீர் பாட்டில், மாத்திரை அட்டை, பின்சீட்டில் மனைவி, இந்த வரிசையில் நான் என் பங்குக்கு இன்னொரு கைத்தடியைச் சேர்த்துக் கொடுத்திருந்தேன். பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் இதைத்தான் எழுதினார்: தப்பித்துக்கொள்ள ஏதாவது செய்துவிட்டால், அதைச் செய்யாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் போகிறது. தாக்கு அடங்கினால் பெயர் மூச்சுப் பயிற்சிக்குப் போகிறது, அடங்காவிட்டால் பயம் இரட்டிப்பாகிறது. 2000ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வு, பேனிக் சிகிச்சையோடு மூச்சுப் பயிற்சியைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் உண்டா என்று கேட்டுப் பார்த்தது, உண்டு என்று அதில் தெரியவில்லை. இது நான் படித்த விஷயம்தான். படித்தது வேறு, முன்னால் ஒருவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஞாபகம் வருவது வேறு.

## ஐந்தாவது சந்திப்பு

அடுத்த முறை அவரைத் தனியாகப் பார்த்தேன். மூச்சுப் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று ஆரம்பித்து, ஏன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில், டாக்டர் கேஸ்தான் என்று சொன்ன பிறகும் ஏன் நம்ப முடியவில்லை என்று ஏதோ பேச்சுவாக்கில் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"எங்கப்பா அன்னைக்கு ராத்திரி கேஸுன்னுதானுங்க சொன்னாரு. சோடா வாங்கிட்டு வாடான்னு என்னைத்தான் அனுப்புனாரு. வாங்கிட்டு வந்து கொடுத்தேன், குடிச்சுட்டுப் படுத்தாரு. காலைல எந்திரிக்கல."

அப்போது இவருக்கு பத்தொன்பது வயது.

நான்கு மருத்துவமனை விஜயத்திலும் ஆறுதலுக்காகச் சொல்லப்பட்ட அந்த ஒரு வார்த்தைதான் அவரை அடுத்த தடவைக்குத் துரத்தியிருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் முதல் நாளே படிவத்தில் 'அப்பா, மாரடைப்பு, 52' என்று என் கையாலேயே எழுதிவிட்டு, அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

அன்றைய நேரம் முழுக்க அதற்கே போனது. எந்த உத்தியும் சொல்லிக்கொடுக்கவில்லை. சோடா வாங்கிக் கொடுத்த பையன்மீது அவர் இத்தனை வருடம் வைத்திருந்த குற்றச்சாட்டை எடுத்துப் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

## வழியை மாற்றியது

ஆறாவது சந்திப்பிலிருந்து திட்டம் தலைகீழாக மாறியது. பயப்படுகிற உடல் உணர்வுகளை நாமே வேண்டுமென்று வரவழைப்பது, தடுக்காமல் இருந்து என்ன ஆகிறது என்று பார்ப்பது. இதயப் பரிசோதனை எல்லாம் முடிந்து, இவர் இதைச் செய்யலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே ஆரம்பித்தோம். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தாங்களாகச் செய்து பார்க்கக்கூடாது, மற்றவர்களும் முதலில் ஒருவர் துணையோடுதான்.

செய்தது இவை: நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடுவது, ஒரு நிமிடம் நாய் இரைக்கிற மாதிரி வேக வேகமாக மூச்சு விடுவது. ஸ்ட்ரா அவர் மகளின் ஜூஸ் டப்பாவில் ஒட்டியிருந்தது, வீட்டிலிருந்து அவரே எடுத்துவந்தார்.

ஒவ்வொன்றுக்கும் முன்னால், என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை சதவீதம் உறுதி என்று எழுதச் சொல்வேன். வேக மூச்சுக்கு அவர் எழுதியது: 'மயங்கி விழுவேன், 90.' அவரோடு நானும் சேர்ந்து செய்தேன். முப்பது விநாடியில் எனக்கும் தலை சுற்றியது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

"உங்களுக்கும் விரல் மரக்குதுங்களா சார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் அன்றுதான் முதல் தடவை என் முன்னால் சிரித்தார். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் மரத்தலும் தலைசுற்றலும், யாருக்கும் வரும். மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் சடாரென்று விழும்போது வருவது, பேனிக்கில் அழுத்தம் ஏறத்தான் பார்க்கும், அதனால் மயங்கி விழுவது அபூர்வம். இதை முதல் வாரமே சொல்லியிருந்தேன், தலையாட்டியிருந்தார். ஸ்ட்ராவோடு சேர்த்துச் சொன்னபோதுதான் உள்ளே போனது. மூன்றாவது சுற்றில் 90 என்பது 40 ஆனது. வீட்டிலும் தினம் செய்தார். முடிந்த பிறகு மெதுவாக மூச்சு விட்டுச் சமாளிக்கக் கூடாது என்பது நிபந்தனை, வந்தது தானாகப் போகட்டும்.

## பாலத்துக்குத் திரும்பியது

கைத்தடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். முதலில் ஆக்சிமீட்டர் பேக்கிலிருந்து வீட்டு அலமாரிக்குப் போனது. அப்புறம் தண்ணீர் பாட்டில். நாடி பிடிப்பதுதான் கடினமாக இருந்தது, கை தானாகப் போய்விடும். மாத்திரையை மனநல மருத்துவர் சொன்ன கணக்கில் படிப்படியாகக் குறைத்தார். இந்த வகை மாத்திரையைத் தினமும் போட்டுவந்தவர்கள் யாரோ சொன்னார்கள் என்று திடீரென நிறுத்துவது ஆபத்து.

பாலத்தை எடுத்தவுடன் பைக்கில் ஏறச் சொல்லவில்லை, வண்டி ஓட்டும்போது பயம் உச்சத்துக்குப் போனால் ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனிகள் லீவு, ரோடு வெறிச்சென்று கிடக்கும். முதல் ஞாயிறு நடந்து போனார். இரண்டாவது ஞாயிறு நண்பரின் பின்சீட்டில். மூன்றாவது ஞாயிறு அவரே ஓட்டினார், மனைவி பின்னால். நான்காவது ஞாயிறு தனியாக. அதற்குப் பிறகே வேலை நாள், கடைசியில் சனிக்கிழமை ராத்திரி.

அந்தச் சனிக்கிழமை பாதிப் பாலத்தில் தாக்கு வந்தது. வண்டியை ஓரம் கட்டி நின்றிருக்கிறார். அங்கிருந்து எனக்கு போன் செய்யவில்லை, மனைவிக்கும் செய்யவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, வருவது வரட்டும் என்று ஜனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். "நல்லா வா, இன்னும் வான்னு சொன்னனுங்க. ஏழு நிமிஷத்துல அதுக்கே சலிச்சுப்போச்சு." நான் இதை முதலில் பின்னடைவு என்று நோட்டில் எழுதிவிட்டு, பிறகு அடித்தேன்.

## கவலையும் கோபமும்

பேனிக் இறங்கியதும் அடியில் இருந்த மற்ற இரண்டும் தெளிவாகத் தெரிந்தன, அவற்றுக்கு வேறு வைத்தியம் தேவைப்பட்டது.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கினோம். இது அமெரிக்க உளவியலாளர் போர்க்கோவெக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 1983இல் எழுதிய முறை. தினமும் மாலை ஆறரையிலிருந்து இருபது நிமிடம், கம்பெனி மொட்டை மாடியில், நோட்டும் பேனாவும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வார்த்தை குறித்துவிட்டு 'ஆறரைக்கு வா' என்று சொல்லிவிட வேண்டும். ஆறரைக்கு உட்கார்ந்து, செய்யக்கூடியது இருந்தால் யாரை எப்போது கூப்பிடுவது என்று எழுதுவது, செய்ய ஒன்றும் இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதுவது. முதல் வாரம் கேலியாகத்தான் செய்தார். மூன்றாவது வாரம், ஆறரைக்கு வந்து பார்த்தால் பாதிக் கவலை ஆள் வரவில்லை என்றார். போன் இப்போது ராத்திரி ஹாலில் தூங்குகிறது. இதற்கு முதலாளியிடம் பேச வேண்டியிருந்தது, அவசரம் என்றால் வீட்டு எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டார்.

கோபத்துக்கு வேடிக்கையாக அதே மூச்சுப் பயிற்சி திரும்ப வந்தது, இந்தத் தடவை சரியான இடத்தில். டையிங் யூனிட்டுக்கு போன் போடுவதற்கு முன்னால் முகத்தில் குளிர்ந்த தண்ணீர், இரண்டு நிமிடம் நீண்ட வெளிமூச்சு, அப்புறம் போன். இங்கே மூச்சு உயிரைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை, குரலைக் கொஞ்சம் இறக்கினால் போதும், அதை அது நன்றாகவே செய்தது. காரசாரமான மெயிலை டைப் செய்து டிராஃப்டில் போட்டுவிட்டு, ஒரு டீக்குப் பிறகு படிப்பது என்றும் வைத்துக்கொண்டார். மகளிடம் எரிந்து விழுந்த நாட்களில் அன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது அவராகச் சேர்த்துக்கொண்டது.

## விளைவு

மொத்தம் பதினான்கு சந்திப்பு, நான்கரை மாதம். கடைசி ஆறு வாரத்தில் ஒரே ஒரு தாக்கு. அவசரப் பிரிவுக்குப் போகவில்லை. பழைய நேர் வழியில் தனியாக பைக்கில் போகிறார். ஆறு மாதம் கழித்து வந்தபோது நடுவில் இரண்டு தாக்கு வந்ததாகவும், இரண்டும் ஷிப்மென்ட் வாரத்தில் தூக்கம் கெட்ட நாட்களில் என்றும் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. விமானத்தில் போக இன்னும் தயங்குகிறார், வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போக வந்த வாய்ப்பை ஒரு தடவை தட்டிவிட்டார். வேலையின் பளுவும் அப்படியேதான் இருக்கிறது, எந்த உத்தியும் லேப் டிப்பை அப்ரூவ் ஆக்காது. கயிறு கையில் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை, மனைவி கட்டியது, அதை அவர் மருந்தாக நினைக்கவில்லை.

## இன்று செய்தால் எதை மாற்றுவேன்

பேனிக்கோடு வருகிறவருக்கு முதல் நாளே அமைதிப்படுத்தும் பயிற்சியைக் கையில் திணிக்க மாட்டேன். கொடுத்தாலும் எதற்காக என்று கேட்டுவிட்டுத்தான். முதல் சந்திப்பிலேயே மனைவியிடமும் தனியாகப் பேசியிருப்பேன்: தாக்கு வரும்போது அவர் பதறி நெஞ்சைத் தடவிவிட்டதும் ஒரு கைத்தடிதான், அவரிடம் அதைச் சொல்ல எனக்கு எட்டு வாரம் ஆகிவிட்டது. உடனே யாரையும் பார்க்க முடியாதவர்களுக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை இருக்கிறது, 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். அவருக்கு அந்த எண்ணை முதல் நாளே கொடுத்திருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு மருத்துவமனை தவிர வேறு ஒரு இடம் இருந்திருக்கும்.

என் படிவத்தையும் மாற்றிவிட்டேன். 'பெற்றோர் இறந்திருந்தால் காரணம், வயது' என்ற வரிக்குக் கீழே இப்போது இன்னொரு வரி இருக்கிறது: 'அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?'